நிலவறைக்குள் சக்கர நாற்காலி வரக்கூடாதா?

ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி அமர்ந்து கதையாக ஆடும் கற்பனை உலக ரோல்பிளேயிங் விளையாட்டுகளின் நூல்களில் அண்மையில் வரும் ஓவியங்களைப் பற்றி ஒரே புகாரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மூக்குக்கண்ணாடி அணிந்த மந்திரவாதி, இக்காலத்துச் சிகையலங்காரம், இவ்வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 கையேட்டில் அகன்ற தொப்பியோடு வரும் ஓர்க்குகள் என்ற கற்பனை இனத்தார், சக்கர நாற்காலியில் அமர்ந்து போரிடும் வீரர் ஆகியவையெல்லாம் இடைக்கால உலகுக்கு ஒவ்வாதவை என்றும், அனைவரையும் உள்ளடக்குகிறோம் என்ற பெயரில் வலிந்து திணிக்கப்பட்டவை என்றும் சொல்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அந்த மூக்குக்கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் திரெவிசோ நகரிலுள்ள மடாலயத்தில் தொம்மாசோ தா மொடேனா 1352இல் தீட்டிய சுவரோவியம் ஒன்றில், கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்பதவியினரான கர்தினால் ஹியூ மூக்கின் மேல் கண்ணாடியை இடுக்கியபடி எழுதிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி இடைக்காலப் பொருள்தான் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் ஹியூ 1263இலேயே இறந்துவிட்டார். கண்ணாடி புழக்கத்துக்கு வந்ததோ அந்த நூற்றாண்டின் இறுதியில். அறிஞர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று தன் காலத்துப் பார்வையாளர் உணரும் பொருட்டு, முந்தைய தலைமுறை மனிதருக்குத் தன் காலத்துப் பொருளை அணிவித்திருக்கிறார் அந்த இடைக்கால ஓவியர்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் 1974இல் பிறந்தது முதலே கலப்படமானதுதான். அதில் வரும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணியும் ஆந்தைத்தலைக் கரடியும் மலிவுக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து வந்தவை. 1980இல் இந்த விளையாட்டுக்காக வெளியான சாகசக் கதை ஒன்றில் வீரர்கள் நொறுங்கிய விண்கலத்துக்குள் நுழைந்து லேசர் துப்பாக்கிகளை எடுக்கிறார்கள். 2014 கையேட்டின் பொருட்பட்டியலில் உள்ள தொலைநோக்கியோ 17ஆம் நூற்றாண்டுக் கருவி. இவற்றையெல்லாம் மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டவர்களுக்குச் சக்கர நாற்காலி மட்டும் உறுத்துகிறது என்றால், சிக்கல் காலத்தைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. 1978 கையேட்டில் மனிதப் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு விதித்திருந்தார்கள். யார் வீரராகலாம் என்ற கேள்வி அப்போதிருந்தே இந்த மேசையில் இருக்கிறது.

மந்திரத்தால் குணப்படுத்தலாமே, நாற்காலி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. விளையாட்டின் விதிப்படி, இழந்த உறுப்பை மீண்டும் வளர்க்கும் மந்திரம் மந்திரங்களில் ஏழாம் நிலையைச் சேர்ந்தது. பாத்திரத்தின் வளர்ச்சியில் பதின்மூன்றாம் நிலையை எட்டினால்தான் பூசாரிக்கு அது கைவரும். மலையடிவாரத்துத் தச்சரின் மகள் அப்படிப்பட்டவரை எங்கே போய்த் தேடுவாள்? அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எங்கள் குழுவில் விளையாடும் தோழி ஒருவர், காலைத் தாங்கும் சட்டமான காலிப்பர் அணிந்து நடப்பவர். தன் பாத்திரமும் அப்படியே நடக்க வேண்டும் என்றும், யாரும் அதைச் சரிசெய்ய முன்வரக் கூடாது என்றும் ஆட்டம் தொடங்கும் முன்பே, ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் சொல்லிவிட்டார். அந்தப் பாத்திரம் பூட்டைத் திறக்கும்போது காலிப்பரின் பட்டையிலிருந்துதான் கம்பியை உருவுகிறது. நாங்கள் தொடர்ந்து ஆடிவரும் கதையில் அதைவிட உயிருள்ள பாத்திரம் வேறில்லை.

அதற்காக எல்லா ஓவியங்களையும் நான் பாராட்டவில்லை. சில படங்களில் எல்லோரும் காபிக் கடையில் கூடியவர்களைப் போலச் சிரிக்கிறார்கள். ஆடையில் அழுக்கில்லை, சக்கரத்தில் சேறில்லை. அந்த நாற்காலியை எந்தக் கொல்லர் செய்தார், படிக்கட்டில் அது எப்படி இறங்கும் என்று ஓவியர் யோசித்திருந்தால் அது அந்த உலகத்தின் பொருளாகியிருக்கும். 2021இல் வந்த சாகசத் தொகுப்பில் ஜெனிபர் கிரெட்ச்மர் எழுதிய பகுதி அப்படி யோசித்தது. சக்கர நாற்காலியில் வருபவரும் சுற்றிவரக்கூடிய நிலவறையையே அவர் அமைத்தார். 2022 தொகுப்பு ஒன்றில் வங்காள மரபைத் தழுவிய நிலத்தை மிமி மொண்டல் எழுதியபோதும், அந்த மண்ணை அறிந்தவரின் கை தெரிந்தது.

அதே 2022இல் வெளியான வேறொரு நூலில், குரங்கு உருவம் கொண்ட கற்பனை இனம் ஒன்றை அடிமை வரலாற்றோடு எழுதி, கறுப்பின மக்களைக் கேலிசெய்த பழைய மேடைக் கூத்துகளை நினைவூட்டும் படத்தையும் சேர்த்திருந்தார்கள். எதிர்ப்பு எழுந்த பின் பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டு அப்பகுதிகளை நீக்கினார். இனி ஒவ்வொரு சொல்லையும் ஓவியத்தையும் வரைபடத்தையும் வெளியார் பண்பாட்டு ஆலோசகர்கள் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புவதாக அறிவித்தார். தொப்பியைப் பற்றியும் கண்ணாடியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், அந்த வாக்கு நூலுக்கு நூல் காப்பாற்றப்படுகிறதா என்று கேட்டால் நானும் அவர்களோடு சேர்ந்து கேட்பேன்.