ஆளுக்கொரு துப்பாக்கி கேட்கிறார்கள்

போன மாதம் எங்கள் நங்கநல்லூர் தெருவில், பூட்டியிருந்த வீட்டுக்குள் புகுந்து பீரோவை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள். அன்று ராத்திரியே தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: "ஆளுக்கொரு கன் லைசென்ஸ் போட்டுடலாம் சார். உள்ள வந்தா சுட்டுடணும்." கீழே இருபது கட்டைவிரல். அதில் பாதிப் பேர் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் மனைவியைக் கூப்பிடுகிறவர்கள் என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்திருக்கிறது. தாத்தாவுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் கரும்புத் தோட்டம். பன்றி விரட்ட ஓர் இரட்டைக்குழல் வைத்திருந்தார். அவர் சுட்டு நான் பார்த்ததில்லை, அதற்காக அலைந்துதான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். அந்த ரசீதைத் துப்பாக்கியைவிடப் பத்திரமாக வைத்திருப்பார். துப்பாக்கி ஒரு பீரோவில், தோட்டா வேறொரு பெட்டியில், இரண்டு சாவியும் அவர் அரைஞாண் கயிற்றில். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று 2016ஆம் வருட ஆயுத விதிகள் எழுத்திலேயே சொல்கின்றன. தாத்தாவுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லைசென்ஸ் என்பது வைத்துக்கொள்ளத்தான். சுடுவதற்குத் தனியாக அனுமதி எதையும் அது தருவதில்லை. உலக்கையோடு நிற்பவருக்கு என்ன தற்காப்பு உரிமையோ, துப்பாக்கியோடு நிற்பவருக்கும் அதேதான். 2024 ஜூலை 1 முதல் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த அதே சமாச்சாரம். சொத்தைக் காக்க உயிரை எடுக்கும் அளவுக்குப் போகலாம் என்று அது சொல்லும் இடங்கள் கொஞ்சம்தான்: கொள்ளை, இருட்டிய பிறகு விடிவதற்குள் வீட்டை உடைத்துப் புகுவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, அப்புறம் உயிர் போய்விடும், இல்லை படுகாயம் ஆகிவிடும் என்று நியாயமாகப் பயப்பட வைக்கிற திருட்டு, சேதம் விளைவிப்பது, வீட்டுக்குள் அத்துமீறல். பட்டப்பகலில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு ஓடுகிறவன் இதில் எங்கே வருகிறான்? ராத்திரி வந்தவனே ஆனாலும், சுவரேறிக் குதித்து ஓட ஆரம்பித்த பிறகு முதுகில் சுட்டுவிட்டு அதைத் தற்காப்பு என்று சொல்லி நிற்பது கஷ்டம். போலீசைக் கூப்பிட அவகாசம் இருந்திருந்தால் அந்த உரிமையே கிடையாது.

தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்று காட்ட வேண்டியது சுட்டவர். பஞ்சாபில் தர்ஷன் சிங் என்பவர், தன் அப்பாவை வெட்டியவரைச் சுட்டார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, 2010ல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. உயிர் போகிற நேரத்தில் தராசு வைத்து அளந்து திருப்பி அடிக்க யாராலும் முடியாது என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சரி, நியாயம் கிடைத்தது. ஆனால் ஜெயித்தவர் பட்ட பாடே இவ்வளவு.

சென்னைக்காரர்களுக்கு 2011 மறந்திருக்காது. தீவுத்திடல் பக்கத்து ராணுவக் குடியிருப்புக்குள் வாதாங்கொட்டை பொறுக்கப் போன 13 வயதுப் பையன். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் சுட்டதில் செத்துப்போனான். மறு வருடமே அவருக்கு ஆயுள் தண்டனை. ஆயுதப் பயிற்சியிலேயே வாழ்நாளைக் கழித்தவர் கை அது. நம் குழுவில் இருக்கும் கைகளை நினைத்தால் எனக்குப் பகீர் என்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவது குடித்துவிட்டு வீடு மாறி வந்த பக்கத்து வீட்டுப் பையனாகவும் இருக்கலாமே.

இதையெல்லாம் குழுவில் சுருக்கமாகப் போட்டேன். "அப்போ திருடனுக்கு சப்போர்ட்டா சார்?" என்று உடனே ஒரு கேள்வி. தெருமுனையில் கேமரா வைக்க வீட்டுக்கு 1,500 ரூபாய் என்று செயலாளர் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. துப்பாக்கி கேட்டவர் இன்னும் கொடுக்கவில்லை.