அளவு ஜாக்கெட்டை ஒதுக்கிவிட்டு அம்மாவை அளந்து தையுங்கள்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுப் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டால் பெரியவர்களின் உடை விஷயத்தில் நம் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அந்தப் புடவைகளில் பெரும்பாலானவை மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்க, அம்மா பகல் முழுவதும் நைட்டியும் மேலே ஒரு துண்டுமாக நடமாடுகிறார். "எவ்வளவு எடுத்துக் கொடுத்தாலும் கட்டமாட்டேன் என்கிறார்" என்று குறைபட்டுக்கொள்ளும் பிள்ளைகள் வேலூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அம்மாக்களுக்கு ஆசை வற்றிவிடவில்லை, அவர்களுடைய இன்றைய உடம்புக்கு அந்த உடை ஒத்துவரவில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஜவுளிக்கடைக்குப் போவதற்கு முன் தையல்காரரிடம் போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைப்பதுதான் வழக்கம். நாற்பத்தைந்து வயதில் கச்சிதமாக இருந்த ஒன்றையே எழுபது வயதிலும் அளவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்குள் முதுகு லேசாகக் கூனியிருக்கும், தோள் முன்பக்கம் சரிந்திருக்கும், மேல்கை மெலிந்து வயிறு பெருத்திருக்கும். அந்த உடம்புக்குப் பழைய அளவில் தைத்தால், பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், முன்கழுத்து தொளதொளவென்று விலகி நிற்கும். இரண்டையும் மறைக்க அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே இருப்பார். பார்ப்பவர்கள் "வயதாகிவிட்டது, உடுத்தத் தெரியவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டருகே சத்துவாச்சாரியில் தைக்கும் அக்கா ஒருவர், அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நிமிராதீங்கம்மா, எப்பவும் நிக்கிற மாதிரியே நில்லுங்க" என்று சொல்லி, பின்கழுத்து எலும்பிலிருந்து டேப்பை இறக்கி அம்மாவை அளந்தார். பின் உயரம் பழைய ஜாக்கெட்டைவிட ஒன்றரை அங்குலம் கூடுதலாக வந்தது. முன் உயரம் குறைந்தது. கைக்குழியைச் சற்று இறக்கி வெட்டினார். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிக்கொள்வது அதிகம் என்பதால், கையைத் தூக்கவே சிரமப்படும் என் அம்மாவுக்கு அந்த இறக்கம் பெரிய உதவியாக இருந்தது. விரல் மூட்டு வலியால் ஹூக் மாட்ட முடியாதவர்களுக்கு, வெளியே தெரியாதபடி உள்ளே வெல்க்ரோ பட்டை வைத்துத் தருவதாகவும் அவர் சொன்னார். உள்பாவாடையின் நாடா இடுப்பை இறுக்கித் தழும்பாக்கியிருந்த இடத்தில் அகலமான பட்டை வைத்துத் தைத்ததும், ஒரு மணி நேரத்துக்கு மேல் புடவையில் இருக்க மாட்டேன் என்றிருந்தவர் மாலை வரை மாற்றாமல் இருந்தார்.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் நைலானையும் பாலியஸ்டரையும் பெரியவர்கள் மேல் சுற்றுவது நியாயமே இல்லை. விசேஷத்துக்குப் பட்டுதான் வேண்டும் என்றால் ஆரணிப் பட்டைப் பாருங்கள். ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும், 1989 பிரிவினைக்கு முன் நம் வடஆற்காட்டைச் சேர்ந்த ஊர்தான். அங்கே கனம் குறைந்த, அம்மாக்கள் சுமையில்லாமல் கட்டக்கூடிய புடவைகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

நிறத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. "வயசுக்கேத்த கலர்" என்று கடைக்காரர் எடுத்துப் போடுவதெல்லாம் வெளிறிய சந்தனமும் சாம்பலுமாகவே இருக்கும். நரைத்த தலைக்கு அந்த நிறங்கள் முகத்தையே மங்கச் செய்கின்றன. அரக்கு, மயில்கழுத்து, கடுகு மஞ்சள் போன்றவை அதே முகத்தைத் தூக்கிக் காட்டும். இன்னொரு விஷயமும் உண்டு. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளிப்பதால் நீல வகை நிறங்களைப் பிரித்தறிவது கடினமாகிறது. எனவே புடவையைக் கடையின் விளக்கொளியில் காட்டாமல், வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, வீட்டிலுள்ள புடவைகளையே ஒருமுறை எடுத்து அடுக்கிக் காட்டுங்கள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பழைய புடவையைப் பார்த்து என் அம்மா, "இது இம்மாம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

கணவரை இழந்த பெண்களிடம் நிறத்தைப் பேசுவதற்கே பல வீடுகளில் தயங்குகிறார்கள். அவர்களே "எனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்" என்பார்கள். அதில் எவ்வளவு அவர்களுடைய சொந்த விருப்பம், எவ்வளவு சொந்தக்காரர்களின் பேச்சுக்குப் பயம் என்று பிள்ளைகள்தான் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். விருப்பம் என்றால் அதை மதிக்க வேண்டும். பயம் என்றால் அந்தச் சொந்தக்காரர்களிடம் பிள்ளைகளே முன்னின்று பேச வேண்டும், அம்மாவைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. சுடிதாருக்கும் இதே நியாயம்தான். புடவை கால் தடுக்கிறது என்று ஒரு பாட்டி சுடிதார் கேட்டால் உடனே தைத்துக் கொடுங்கள். நமக்கு நவீனமாகத் தெரிகிறது என்பதற்காக, கேட்காதவருக்கு மாட்டிவிடுவதும் தவறு.

செருப்பில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் பின்பட்டை வைத்த, மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மென்மையான ரப்பரில் செய்த) செருப்புதான் வேண்டும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோலுக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில், அதையே பார்க்க லட்சணமாகச் செய்து தரக்கூடியவர்களைத் தேடுவது கடினமில்லை.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் தையல்காரர்களைப் பிடிக்க முடியாது. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துத் திருத்துவதற்கென்று தனியாக நாள் ஒதுக்குகிறோம், பாட்டியின் ஜாக்கெட்டோ முகூர்த்தத்துக்கு முந்தைய இரவுதான் வீட்டுக்கு வருகிறது. இந்த முறை பாட்டியின் துணியை முதலில் கொடுங்கள். அவரும் போட்டுப் பார்த்து, பிடிக்காததைச் சொல்லி, திருத்தி வாங்க நாள் இருக்க வேண்டும்.