பள்ளி வாசலில் கோமாளி: அந்தப் பழைய ஃபார்வர்டு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் வந்துவிட்டது, 'தொடக்கப்பள்ளி வாசலில் கோமாளி வேஷத்தில் பிள்ளை பிடிக்கிறார்கள், உஷார்' என்று. சித்தி, இது 2021 செப்டம்பர் சமாச்சாரம். சிங்கப்பூரில் சில பள்ளிகளுக்கு வெளியே கோமாளிகள் நின்றது, பிள்ளைகள் பயந்தது, போலீசில் புகார் போனது எல்லாம் நிஜம்தான், ஆனால் வந்தவர்கள் ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்தின் விளம்பர ஆட்கள். நிலையம் பிறகு மன்னிப்பும் கேட்டது. பிள்ளை பிடிக்க வந்தார்கள் என்பது சும்மா ஒட்ட வைத்தது.

2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் தென் கரோலினாவிலும் இப்படித்தான், கோமாளிகள் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூப்பிடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது, போலீஸ் தேடியும் யாரும் சிக்கவில்லை.

தாத்தா காலத்தில் சர்க்கஸ் பபூன் தடுக்கி விழுந்தால் கூடாரமே சிரிக்கும். இப்போது என் மகன் அந்தச் சிவப்பு மூக்கைப் பார்த்தாலே என் பின்னால் ஒளிகிறான். சரி, பயம் இருக்கட்டும், ஃபார்வர்டு வேண்டாம்.