ரேஸ் கார் ரேஸ்தான் ஓடணும்: ராணிப்பேட்டைப் பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள்

பழைய ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால் "தொடாதே, பெயின்ட் அடித்துக் கண்ணாடிக்குள் வை, அது பொக்கிஷம்" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் அக்கறையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வண்டியைச் செய்தவன் கண்ணாடிக்குள் வைக்கச் செய்யவில்லை. எடையைக் குறைக்க ஒவ்வொரு கிராமாகச் சுரண்டியிருக்கிறான். அது வளைவில் நான்கு டயரும் வழுக்க ஓடும்போதுதான் அவன் என்ன யோசித்தான் என்பது தெரியும்.

இங்கிலாந்தில் குட்வுட் பாதை 1966-ல் மூடப்பட்டது. 1998-ல் திரும்பத் திறந்தபோது, 1948 முதல் 1966 வரை அங்கே ஓடிய காலத்து வண்டிகளையே மறுபடி இறக்கினார்கள். ஊர்வலம் விடவில்லை, முட்டி மோதும் நிஜப் போட்டி நடத்தினார்கள். மொனாக்கோவிலும் 1997 முதல் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழைய கிராண்ட் பிரீ கார்கள் அதே தெருக்களில் ஓடுகின்றன. மசராட்டி 250எஃப் மாதிரி விலைமதிப்பற்ற வண்டிகளைக்கூட அங்கே ஓட்டத்தான் செய்கிறார்கள்.

நமக்கும் வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் ரேஸ் நடந்தது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் பாதை வந்தது. கோவை கரிவரதன் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற சின்ன ஒற்றை இருக்கை வண்டியை உருவாக்கி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளையும் ரேஸில் உட்கார வைத்தார். நரேன் கார்த்திகேயன் அந்த வண்டியில் ஓட்டி மேலே வந்தவர். அப்படிப்பட்ட வண்டிகள் ஷெட்டுகளில் துருப்பிடித்துக் கிடக்க விடலாமா? வேலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை சுமார் 100 கிலோமீட்டர், நாலு வழிச் சாலை. அங்கே பழைய ஒற்றை இருக்கை வண்டிகளுக்கென்று ஆண்டுக்கு ஒரு வாரக்கடைசி ஒதுக்க வேண்டும், அந்த வண்டிகளை வட ஆற்காட்டுப் பட்டறைகள் தயார் செய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஏன் வட ஆற்காடு? ராணிப்பேட்டையில் பெல் ஆலையையும் சிப்காட்டையும் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் போடுகிற கைகள், வெல்டிங்கில் விரிசல் பார்க்கிற டிபி டெஸ்ட் ஆட்கள், எக்ஸ்ரே எடுப்பவர்கள், குழாய் கனம் அளக்கும் அல்ட்ராசானிக் மீட்டர் எல்லாமே இருக்கின்றன. பழைய ரேஸ் காருக்கு உயிர் கொடுக்க முதலில் வேண்டியது இந்தச் சோதனைகள்தான். இன்ஜின் வேலை பிறகு.

ஆனால் அந்தத் திறமையான கையே ஒரு வண்டியைக் கெடுத்துவிடவும் முடியும். 1960, 70-களின் பல இங்கிலாந்து வண்டிகளின் குழாய்ச் சட்டம் வெல்டிங் போட்டது இல்லை. கேஸ் வைத்து, சுமார் 900 டிகிரி சூட்டில், வெண்கல ராடு உருக்கி ஒட்டியது. இரும்பு உருகவே உருகாது. பெயின்ட்டைச் சுரண்டினால் இணைப்பைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் தெரியும். அதைப் பார்க்காமல் விரிசல் மேலேயே ஆர்கான் வெல்டிங் போட்டால் உருகிய வெண்கலத்தில் உள்ள செம்பு, சூடான இரும்பின் மணிகளுக்கு இடையே புகுந்துவிடும். மேலே பார்க்க வெல்டிங் அழகாக இருக்கும். ஆறும்போதோ, முதல் பத்துச் சுற்றிலோ, வெல்டிங் ஓரத்தில் புது விரிசல் ஓடும். முன் சக்கரம் தாங்கும் இணைப்பில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரியான முறை இதுதான். கெட்ட குழாயை இரண்டு முனையிலும் அறுத்து எடுங்கள். மீதி நிற்கும் பழைய வெண்கலத்தை அரம் போட்டு, வெறும் இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்யுங்கள். புதுக் குழாயை மீன்வாய் வடிவில் வெட்டி, இடைவெளி இல்லாமல் உட்கார வையுங்கள். வெண்காரம் சேர்ந்த ஃபிளக்ஸ் பூசி, அதே வெண்கல ராடால் ஒட்டுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, காற்றில் தானாக ஆறட்டும். ஜிக்கில், அதாவது குழாய்கள் நகராமல் பிடிக்கும் சட்டகத்தில், கட்டியது ஆறும் வரை அதிலேயே இருக்கட்டும்.

பெயின்ட் எடுக்க மணல் அடிப்பதையும் முதலிலேயே தவிர்க்கச் சொல்வேன். மணல் வேகமாகப் படும்போது மேல் இரும்பு இழுபட்டு நுண்ணிய விரிசலின் வாயை மூடிவிடும். பிறகு டிபி டெஸ்டில் சிவப்புச் சாயம் உள்ளேயே போகாது, "நன்றாக இருக்கிறது" என்று பொய்யான முடிவு வரும். ரசாயன ரிமூவர் போட்டு எடுங்கள். சாயம் பூசி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள், துணியால் துடையுங்கள், வெள்ளை டெவலப்பர் அடித்துக் காத்திருங்கள். வெள்ளையில் முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு கசிந்து வந்தால் அதுதான் விரிசல். குழாய்க் கனம் பெரும்பாலும் 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தண்ணீர் தேங்கும் அடிக் குழாய்களில் மீட்டர் 1 மி.மீ.க்குக் கீழே காட்டினால் யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

"அப்படியெல்லாம் மாற்றினால் அது பழைய வண்டியா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ரேஸ் கார் என்பது தன் காலத்திலேயே ஒரு சீசனுக்குள் மூக்கு மாறி, கியர்பாக்ஸ் மாறி, இன்ஜின் மாறி ஓடியது. வடிவம், இன்ஜின் வகை, கியர்பாக்ஸ் வகை, கார்புரேட்டர், டயரின் வார்ப்பு, இவை அந்தக் காலத்தையே பேச வேண்டும். உடைந்தால் உயிர் போகிற சாமான் புதிதாகத்தான் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதி என்று எழுதிக் கட்டி டப்பாவில் வையுங்கள். வண்டியின் சரித்திரம் அந்த டப்பாவில் பத்திரமாக இருக்கும்.

புதிதாக வேண்டியதில் முதலிடம் சஸ்பென்ஷன் போல்ட்டுக்கு. ஹார்டுவேர் கடையில் 12.9 கிரேடு என்று கேட்டு வாங்கி, பளபளப்புக்காகத் துத்தநாக முலாம் போட்டு மாட்டுகிறார்கள். அந்த அளவு கடினமான போல்ட்டுக்கு மின்முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் சுட்டு அதை வெளியேற்றாவிட்டால், முறுக்கிய போல்ட் நிற்கிற இடத்திலேயே ஒடியும். இன்னொன்று, குறுக்கே பாரம் வருகிற இடத்தில் போல்ட்டின் வழவழப்பான தண்டு பகுதி நிற்க வேண்டும். மரை நின்றால் மரையின் பள்ளமே விரிசலுக்கு ஆரம்பம். ரோஸ் ஜாயின்ட்டில், அதாவது சஸ்பென்ஷன் கம்பி முனையில் உள்ள உருண்டை மூட்டில், கையால் அசைத்து ஆட்டம் தெரிந்தால் மாற்றுங்கள். அலைன்மென்ட்டுக்காக அதை வெளியே திருகும்போது, குறைந்தது தன் விட்டத்தின் ஒன்றரை மடங்கு மரை உள்ளே இருக்க வேண்டும்.

மெக்னீசியம் சக்கரம், கியர்பாக்ஸ் கூடு: பெயின்ட் அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் ஓட்டவே கூடாது.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் இருப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். "பாதுகாப்புக்காக நல்ல புது ஸ்லிக் போட்டுவிட்டோம்" என்பார்கள். ஸ்லிக் என்பது கோடு வெட்டாத, பிடிப்பு அதிகமான ரேஸ் டயர். 1960-களின் வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட், அச்சு, டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் அந்தக் கால டயர் கொடுத்த பிடிப்புக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. டயர் வழுக்கும்போது பாரம் அங்கேயே தீர்ந்துவிடும். டயர் வழுக்க மறுத்தால் அந்தப் பாரம் முழுக்க அப்ரைட்டுக்கும் போல்ட்டுக்கும் போகும். அதனால்தான் வெளிநாட்டுப் பழைய கார் போட்டிகளில் பழைய வார்ப்பில் புதிதாகச் செய்த டன்லப், ஏவான் டயர்களையே கேட்கிறார்கள். அதற்காக முப்பது வருடம் ஷெட்டில் கிடந்த பழைய டயரையே மாட்டுவதும் தவறு. ரப்பர் கல்லாகியிருக்கும், பக்கச் சுவர் வெடித்திருக்கும். வார்ப்பு பழையது, ரப்பர் புதிது: அதுதான் வேண்டும்.

பெட்ரோல் விஷயம் நம் ஊருக்கே உரிய தலைவலி. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸை அது ஊற வைத்து உரிக்கும், பழைய ஃபைபர் டேங்கின் ரெசினை இளக்கும், ஈரத்தை இழுக்கும். டேங்குக்குள் நெருப்புப் பாதுகாப்புக்கு அடைத்திருக்கும் ஸ்பாஞ்சு காலப்போக்கில் பொடியாகும். அந்தப் பொடி ஃபில்டரைத் தாண்டி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டில் அடைத்து, வண்டி நேர்பாதையில் திணறும். எல்லோரும் இக்னிஷனைச் சந்தேகிப்பார்கள். முதலில் டேங்க் மூடியைத் திறந்து ஸ்பாஞ்சை விரலால் கிள்ளிப் பாருங்கள். பொடிந்து கையோடு வந்தால் காரணம் அதுதான். போட்டிக்கான ரப்பர் டேங்க் பைக்கு, உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ கணக்கில் ஆயுள் 5 ஆண்டு, சோதித்து இன்னும் 2 ஆண்டு.

எத்தனால் கலந்ததற்கு ஜெட்டையும் மாற்ற வேண்டும். ஒரு பங்கு சாதா பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், இதற்குச் சுமார் 13.5. அதாவது சுமார் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள். வெபர் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டில் 120 என்றிருந்தால் துளை 1.20 மி.மீ. அதை 125 ஆக்கினால் துளையின் பரப்பு எட்டரை சதவீதம் கூடும், கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். பிறகு பிளக் நிறம் பார்த்துத் தீர்மானியுங்கள். வேலூர் கத்திரி வெயிலில் இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோலை ஆவியாக்கிவிடும். டேங்க் பக்கத்தில் குளிர்ந்த இடத்தில் எலக்ட்ரிக் பம்ப் வையுங்கள், கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத ஸ்பேசர் போடுங்கள்.

அந்தக் காலத்து மாதிரித் தோல் வார் வேண்டுமென்றால் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் கேளுங்கள். பானட்டைக் கட்டுகிற வாருக்கு குரோம் தோல் நீண்டுவிடும், ஆவாரம்பட்டை மாதிரித் தாவரப் பதனிட்ட தோல் நிற்கும். ரிவெட் செம்பாகவோ பித்தளையாகவோ இருக்கட்டும், இரும்பு போட்டால் தோல் கறுத்துப் போகும்.

வருடக்கணக்கில் நின்ற இன்ஜினைச் சாவி போட்டதும் ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மி.லி. ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றுங்கள். பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரில் விட்டுவிட்டுச் சுழற்றி, ஆயில் கேஜ் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். ஆயிலை இன்ஜினுக்கு வெளியே தனி டேங்கில் வைக்கும் டிரை சம்ப் வண்டியில் இது இன்னும் முக்கியம், டேங்கிலிருந்து பம்ப் வரை லைன் முழுக்கக் காற்று நின்றிருக்கும். 20 நிமிடம் ஓடியதும் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். வெள்ளியாக மினுக்கினால் பேரிங் போகிறது, ரேஸைத் தள்ளிப் போடுங்கள்.

டிரெய்லரில் ஏற்றும்போது பெல்ட்டை விஷ்போனில், அதாவது சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கையில், கட்டாதீர்கள். சக்கரத்தில் அல்லது சட்டத்தில் கட்டுங்கள். தரைக்கும் வண்டிக்கும் இடையே 75 மி.மீ. கூட இருக்காது, அதனால் ஏற்றுப் பலகை நீளமாக இருக்கட்டும். பாதைக்குப் போனதும் முதலில் மூன்றே சுற்று, பாதி வேகத்தில். உள்ளே வந்து சக்கர நட், ரோஸ் ஜாயின்ட் பூட்டு நட், பிரேக் ஹோஸ் கசிவு, தண்ணீர் மட்டம் எல்லாம் பாருங்கள். பிறகு பத்துச் சுற்று. பிறகு மறுபடி அதே சோதனை.

விஐடியில் ஃபார்முலா ஸ்டூடன்ட் கார் செய்கிற பிள்ளைகளை இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் வரைந்த சட்டம் அவர்களுக்குத் தெரியும், வெண்கலத்தில் ஒட்டிய சட்டத்தைத் தொட்டுப் பார்க்க இது ஒன்றுதான் வழி.

காட்பாடி, ஆற்காடு, வாலாஜா பக்கம் யார் ஷெட்டிலாவது பழைய ஃபார்முலா மாருதியோ, வேறு எந்த ஒற்றை இருக்கை வண்டியோ கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். வெறும் சட்டமாக இருந்தாலும் சரி. சட்ட எண் தகடு இருந்தால் அதையும், நான்கு மூலை இணைப்புகளையும், கியர்பாக்ஸ் கூட்டில் உள்ள எழுத்துகளையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக் கீழே கமென்ட்டில் போடுங்கள். சுத்தம் செய்துவிட்டு எடுக்க வேண்டாம், இருக்கிறபடியே எடுங்கள்.