18 முத்திரை தடை அல்ல

வரப்போகும் ஒரு சர்ச்சைப் படத்தின் முதல் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு, "18 கொடுத்துவிட்டார்கள், அப்படியென்றால் இங்கே தடை, டர்பன் தியேட்டர்களுக்கு வராது" என்று பலர் பகிர்கிறார்கள். ஆர்வமாகக் காத்திருந்தவர்களின் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் படங்களுக்குத் தரப்படும் 18 என்ற வயது முத்திரை தடை அல்ல. 18 வயது நிரம்பாதவர்களை உள்ளே விடக் கூடாது, அவ்வளவுதான். மற்றவர்கள் வழக்கம்போல டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

சாதாரணத் தியேட்டரில் காட்ட முடியாமல் செய்வது எக்ஸ்18. முழுத் தடை என்றால் எக்ஸ்எக்ஸ். 'இன்க்செபா' என்ற தென்னாப்பிரிக்கப் படத்தின் விஷயம் நினைவிருக்கும். 2018 பிப்ரவரியில் தணிக்கை வாரியத்தின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதற்கு எக்ஸ்18 கொடுத்ததால்தான் தியேட்டர்களிலிருந்து எடுத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அந்த முடிவையே ரத்து செய்தது. 18-க்கும் எக்ஸ்18-க்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான், விளைவோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? எஃப்பிபி என்கிற தணிக்கை வாரியத்தின் இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடுங்கள். போஸ்டரிலும் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் வி இருந்தால் வன்முறை, எஸ் இருந்தால் பாலியல் காட்சி. இவை எச்சரிக்கைக் குறிகள் மட்டுமே. விமர்சகரின் வரியை விட அந்த முத்திரையை நம்புங்கள்.