ஒரே ரயில், இரண்டு விசா

மாதத்துக்கு இரண்டு பேராவது உள்பெட்டிக்கு வந்து கேட்கிறார்கள்: "அக்கா, நானும் கொரியாவுக்கு வந்து இங்கிலிஷ் படிப்பிக்கலாமா?" என்ன படித்தீர்கள், எத்தனை வருட அனுபவம் என்றெல்லாம் நான் கேட்பதில்லை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்றுதான் கேட்கிறேன். கேட்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஆங்கிலம் பேசப் பழக்குகிறவர்களுக்கு இங்கே தருவது ஈ-2 விசா. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. இந்த ஏழில் ஒன்றின் குடியுரிமையும், ஏதாவது ஒரு பட்டமும் வேண்டும். நான் படித்தது உயிரியல். பதின்மூன்று வயதுவரை யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு கனடாவின் ஸ்காபரோவுக்குப் போய், ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கான ஈ.எஸ்.எல். வகுப்பின் கடைசி வாங்கில் வாய் திறக்காமல் இருந்தவள். இன்றைக்கு இங்கே நான் 'வொனோமின்', தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவளாம். ஊரில் இருபது வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிற, ஆசிரியர் கலாசாலையில் முறையாகப் பயின்ற என் மச்சாளுக்கு இந்த விசா கிடையாது. இந்தியர்களுக்கு 2010இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தால் ஒரு சின்னக் கதவு திறந்தது, பள்ளியில் துணை ஆசிரியராக வரலாம். ஆனால் ஆசிரியர் சான்றிதழைக் காட்ட வேண்டும். என்னிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை.

நான் இருப்பது சியோலுக்குத் தெற்கே, அன்யாங் நகரின் பியோங்சோனில். 1989இல் அறிவித்துக் கட்டிய ஐந்து புதுநகரங்களில் இதுவும் ஒன்று. எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி அடுக்குமாடிகள். பக்கச் சுவரில் பெரிதாக இலக்கம் எழுதியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் முதல் மாதம் நான் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன். சியோலில் வேலை எடுக்காமல் ஏன் புறநகருக்குப் போனாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. பின்னால் மலை, நடக்க ஓடைக்கரை, மூன்றாம் நாளே என் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்ட கிம்பாப் கடை அம்மா.

பியோங்சோன் பேர்போனது அதன் ஹாக்வொன் தெருவுக்கு. ஹாக்வொன் என்றால் வேறொன்றுமில்லை, நம்முடைய ரியூட்டரிதான், பள்ளிக்கு வெளியே காசு கட்டிப் படிக்கிற இடம். கிடுகுக் கொட்டிலுக்குப் பதில் எட்டு மாடி, லிப்ட். இந்த மாகாணத்தில் இரவு 10 மணிக்கு மேல் வகுப்பு நடத்த முடியாது. அதனால் பத்து அடிக்கும்போது தெருவைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டடமும் பிள்ளைகளைக் கொட்டும். மஞ்சள் வான்களும் அப்பாமாரின் கார்களும் இரண்டு வரிசையாக விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். இரவுச் சாப்பாட்டை மூலைக்கடையில் ஒரு கோப்பை ரம்யொன் நூடில்ஸோடு முடித்த பிள்ளை, முதுகுப்பையோடு அப்படியே பின்சீட்டில் விழுந்து தூங்கும். முதல் வாரம் பரிதாபப்பட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்கு என்னையும் இப்படித்தான் சைக்கிள் கரியரில் வைத்து இழுத்துப் போனார்கள். கொரியர்களைப் பார்த்து உச்சுக்கொட்டும் உரிமை எனக்கு இல்லை.

என் வேலை சின்னப் பிள்ளைகளோடு. கொரிய மொழியில் எஃப் ஒலி இல்லை, பகரம்தான். எட்டு வயதுப் பையன் 'கொப்பி' என்கிறான். நான் உதட்டைக் கடித்துக் காட்டி "காஃபி" என்று திருத்துகிறேன். என் அம்மம்மா சாகும்வரை 'கோப்பி'தான் குடித்தார். கொப்பி என்றால் எங்களுக்கு எழுதுகிற நோட்டுப்புத்தகம். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? அந்தப் பையன் அழும்போது 'ஒம்மா', 'அப்பா' என்றுதான் அழுகிறான். (தமிழும் கொரியமும் ஒன்றா என்று கீழே வந்து தொடங்காதீர்கள். அந்தச் சண்டைக்கு இன்றைக்கு நேரமில்லை.)

இவ்வளவு காசு கொட்டி என்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. நவம்பரில் வரும் சுனுங் என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 45 கேள்வி, 70 நிமிடம். அதில் 17 கேள்விக்கு ஒலிப்பதிவைக் காதால் கேட்டு விடையளிக்க வேண்டும். அந்த ஒலிப்பதிவு ஓடும்போது நாடு முழுவதும் விமானம் ஏறவும் இறங்கவும் விடமாட்டார்கள். ஆனால் பேச்சுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது எங்களோடு வேலை செய்யும் கொரிய ஆசிரியைகள். இலக்கணத்தில் அவர்கள் புலி. ஒரு பிள்ளை "இங்கே ஏன் 'விச்' வராது?" என்று கேட்டால் "காதுக்குச் சரியாகப் படவில்லை" என்பேன், பக்கத்து அறை ஆசிரியை வந்து விதியைச் சொல்லிவிட்டுப் போவார். வீட்டு வாடகை எனக்குத்தான் கட்டுகிறார்கள், அவருக்கு இல்லை.

ஆக, நான் கடையின் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொம்மை. அந்தப் பொம்மைக்கும் நிறம் பொருந்த வேண்டும். விண்ணப்பத்தில் படம் ஒட்டச் சொன்ன ஓர் இடத்தில், படத்தைப் பார்த்தபிறகு "பெற்றோரின் விருப்பம்... மன்னிக்கவும்" என்று பணிவாக எழுதினார்கள். இப்போதைய இடத்திலும் விளம்பரத் தாளில் சிரிப்பது யாரோ ஒரு பொன்முடிக்காரர். அவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இதற்காக நான் அழவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் 4ஆம் இலக்க ரயில் பிடித்து அன்சானுக்குப் போகிறேன், கறிவேப்பிலையும் மாசிக் கருவாடும் வாங்க. அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். அங்கே வொன்கொக் பக்கம் இலங்கையிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த எங்கள் ஆட்களைப் பார்க்கலாம். அவர்களுடையது ஈ-9 விசா. நான் விரும்பினால் குடும்பத்தைக் கூப்பிடலாம், அவர்களால் முடியாது. வருவதற்கு முன்பே கொரிய மொழித் தேர்வு எழுதிச் சித்தியடைந்துதான் விமானம் ஏறியிருக்கிறார்கள். நான் 'அன்யோங்' என்கிற வணக்கம் மட்டும் தெரிந்துகொண்டு வந்து இறங்கினேன்.

அங்கே பழக்கமான மட்டக்களப்புத் தம்பி ஒருவர் இருக்கிறார். தமிழ், சிங்களம், கொரியம், ஆங்கிலம் நான்கும் கதைப்பார். அவருடைய ஆங்கிலத்தில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. போன தை மாதம் வெளியே மைனஸ் 12, என் அறைச் சூட்டு பொயிலர் நின்றுவிட்டது. வீட்டுக்காரருக்கு நான் என்ன சொன்னாலும் விளங்கவில்லை. தம்பிக்கு போன் எடுத்தேன். இரவு வேலை முடிந்து படுத்திருந்த மனுசன் எழும்பி, வீட்டுக்காரரோடு ஐந்து நிமிடம் கதைத்தார். அரை மணித்தியாலத்தில் திருத்துகிறவர் வந்துவிட்டார்.

அடுத்த நாள் வீட்டுக்காரர் படியில் மறித்து, கைபேசி மொழிபெயர்ப்பைக் காட்டினார்: "உங்கள் நண்பரின் கொரிய மொழி மிக நன்றாக இருக்கிறது. அவரும் ஆங்கில ஆசிரியரா?"