சின்ன பட்ஜெட் என்றால் சும்மா விட்டுவிட வேண்டுமா?

இப்போது வரும் மலிவு விண்வெளி அதிரடிப் படங்களைத்தான் சொல்கிறேன். போஸ்டரில் விண்கலம் வெடிக்கும், நகரமே எரியும், முன்னால் எண்பதுகளில் நாம் கொண்டாடிய ஏதோ ஒரு ஹீரோவின் முகம். நம்பி உட்கார்ந்தால், அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் "இன்னும் உயிரோடுதான் இருக்காளா?" என்று மைக்கில் நாலு தடவை கேட்டுவிட்டுச் சம்பளத்தோடு கிளம்பிவிடுகிறார். விண்கலமா? ஒரு பழைய குடோன், நீல விளக்கு, கொஞ்சம் புகை. அவ்வளவுதான்.

கதையும் மாறாது. விஞ்ஞானியையோ தலைவரின் மகளையோ பிடித்து வைத்திருப்பார்கள், ஆறு பேர் மீட்கக் கிளம்புவார்கள். அப்புறம் ஒரே வராந்தா. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுவார்கள். அடுத்த காட்சியில் அதே வராந்தாவில் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். சுவரில் அதே தீயணைப்புப் பெட்டி, அதன் கதவு அதே மாதிரி பாதி திறந்து தொங்குகிறது. கேட்டால் இது மூணாவது மாடியாம்!

திட்டினால் உடனே ஒருத்தர் வருவார்: "பாவம், சின்ன பட்ஜெட் படம்." எனக்குப் பற்றிக்கொண்டு வருவதே இங்கேதான்.

1981-ல் இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' எடுத்தது சுமார் 60 லட்சம் டாலரில். அன்றைய ஹாலிவுட்டுக்கே அது பெரிய காசு இல்லை. கதையில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவு மொத்தமும் சிறைச்சாலை, உள்ளே அமெரிக்க அதிபர் பிணைக்கைதி. பாழடைந்த நியூயார்க்கைச் செட் போடக் கட்டுப்படியாகாது என்று, 1976-ல் தீப்பிடித்து அப்படியே கிடந்த செயின்ட் லூயிஸ் நகரப் பகுதித் தெருக்களுக்குப் போய் ராத்திரி ராத்திரியாக எடுத்தார்கள். ஹீரோ உள்ளே இறங்க ஓட்டி வரும் கிளைடரின், அதாவது இன்ஜின் இல்லாத குட்டி விமானத்தின், திரையில் பச்சைக் கோடுகளாக நகரம் விரியுமே, அது கம்ப்யூட்டர் வரைந்ததே இல்லை. குட்டிக் குட்டிக் கட்டட மாதிரிகளுக்குக் கறுப்பு அடித்து, ஓரமெல்லாம் பளபளக்கும் டேப் ஒட்டி, நடுவே கேமராவை ஓட்டியிருக்கிறார்கள். இதற்குப் பணமா வேண்டும்?

சரி, அதையும் விடுங்கள். அந்தப் படத்தில் அதிபரை மீட்க 22 மணி நேரக் கெடு உண்டு. தவறினால் ஹீரோவின் கழுத்துக்குள் செலுத்தியிருக்கும் வெடி வெடிக்கும். மணிக்கட்டில் நேரம் குறைந்துகொண்டே வரும், நமக்கு வயிற்றைக் கலக்கும். கையில் ஒரு கடிகாரம் கட்ட என்ன செலவு ஆகிவிடும்?

2012-ல் 'லாக்அவுட்' என்று வந்தது. விண்வெளிச் சிறை, உள்ளே அதிபரின் மகள். என் படத்தைச் சுட்டுவிட்டார்கள் என்று கார்ப்பென்டர் பிரான்சில் வழக்குப் போட்டு ஜெயித்தார். அவர்களாவது நல்ல படத்தைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். இப்போது வருகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தல்லவா அடிக்கிறார்கள்!

இவர்கள் படத்தில் கெடு கிடையாது, பிணைக்கைதி எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று நமக்கும் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது. வில்லனே "எப்பய்யா வருவீங்க?" என்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். கடைசியாகப் பார்த்ததில் அந்தப் பெண்ணே கட்டை அவிழ்த்துக்கொண்டு, காப்பாற்ற வந்தவர்களைத் தேடிப் போகிறாள். இந்த லட்சணத்தில் முடிவில் 'தொடரும்' என்று வேறு போடுகிறார்கள்!